பழ சாலட்டில் தொலைந்த பிளாஸ்திரி

விரலில் ஒட்டும் பிளாஸ்திரியைப் பற்றி என்னளவுக்கு நீட்டி முழக்கக் கூடியவர்கள் தாம்பரம் வட்டாரத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுப்பதும் நான்தான். விரலில் வெட்டு விழுந்தால் துணி பிளாஸ்திரிதான் நல்லது, விரலை மடக்கினாலும் அது கூடவே வளைந்து கொடுக்கும், ஒட்டும் முன் விரல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் படம் போட்டுச் சொல்லிக் கொடுப்பேன். இவ்வளவும் தெரிந்த நான், வாழ்க்கையிலேயே முக்கியமான ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்று, துணி பிளாஸ்திரி வேண்டாம் என்று சொன்னேன். (இப்படிப்பட்டவனுக்கு எங்கள் அக்கா ஒரு பேர் வைத்திருக்கிறாள். இங்கே எழுத முடியாது.)

அன்று ஷீலாவின் அப்பாவும் அம்மாவும் பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாகச் சாப்பிட வருவதாக இருந்தது. நானும் ஷீலாவும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்து, அவள் அம்மாவைச் சம்மதிக்க வைத்தாகிவிட்டது. அப்பா மட்டும், "வீட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று பிடி கொடுக்காமல் இருந்தார். படப்பையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷீலா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

"அப்பாவுக்குச் சுத்தம் ரொம்ப முக்கியம். ஒரு ஓட்டல்ல சாம்பார்ல முடி கெடந்துச்சுன்னு இப்பவும் அந்தத் தெருப் பக்கம் போறதில்ல. பஸ் ஸ்டாண்டுக்கே சுத்திதான் போவாரு."

"நீ கவலப்படாத. ஃப்ரூட் சாலட் நானே என் கையால பண்றேன்" என்றேன்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. கலா அக்காதான் என்னை வளர்த்தாள். அன்று காலை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் மட்டன் பிரியாணியில் இறங்கியிருந்தாள். பக்கத்தில் நான் அன்னாசிப்பழத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஷீலாவின் அப்பா என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று மனதுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தபோது, கத்தி என் இடது ஆள்காட்டி விரல் நுனியில் இறங்கியது.

"பழத்த அப்படியே குப்பையில போடு. கைய காட்டு. சேஃப்டி ஆபீசராம்" என்றாள் அக்கா.

விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நாலைந்து வகைகளை எடுத்துப் போட்டார். அவர் கேட்காமலேயே ஒவ்வொன்றின் குணநலன்களையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க. எது வேணும்னு சொல்லுங்க" என்றார்.

கை தானாகத் துணி பிளாஸ்திரியைத்தான் எடுத்தது. ஆனால் அது பழுப்பு நிறத்தில் பட்டையாக இருந்தது. பாதுகாப்புப் பிரிவில் வேலை என்று சொல்லிக்கொள்பவன், கட்டுப் போட்ட விரலோடு மாமனார் முன்னால் நிற்பதா? எடுத்ததைக் கீழே வைத்தேன்.

"வெளிய தெரியாத மாதிரி எதாச்சும் இருக்கா?"

"இது இருக்கு. கண்ணாடி மாதிரி. ஒட்டுனதே தெரியாது."

அதையே வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும், விரலில் இருந்த ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு அவசரமாக ஒட்டினேன். (என் வகுப்பில் யாராவது இப்படிச் செய்தால் வெளியே நிற்க வைப்பேன்.) புதிதாகப் பழங்கள் வெட்டி, மாதுளையை உதிர்த்து, கஸ்டர்டை ஊற்றி, கிண்டிக் கிண்டி, ஃப்ரிட்ஜில் வைத்து மூடவும் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

ஷீலாவும் அவள் அம்மாவும் முன்னால் போக, அவள் அப்பா தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டையில் இறங்கினார். எங்கள் மாடிப்படியில் வெளிச்சம் கம்மி. "பாத்து வாங்க அங்கிள், படி கொஞ்சம் உயரம்" என்று அவர் முதுகில் கையை வைத்துப் பதமாக மேலே அழைத்து வந்தேன். அவர் மறுக்கவில்லை. முதல் பரீட்சை பாஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரியாணி நன்றாகவே போனது. அங்கிள் அதிகம் பேசவில்லை, ஆனால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். நான் சாலட்டை எடுத்து வர அடுப்படிக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தபோதுதான் பார்த்தேன். விரலில் வெட்டு இருந்தது, பிளாஸ்திரி இல்லை.

அக்காவை ஜாடை காட்டிக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. அதுவே நிலைமை எவ்வளவு மோசம் என்பதைக் காட்டியது. சாலட்டை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, போன் வெளிச்சத்தில் இரண்டு பேரும் கிளற ஆரம்பித்தோம். ஆப்பிள் தோல் எல்லாம் பிளாஸ்திரியாகத் தெரிந்தது. வாழைப்பழத் துண்டெல்லாம் அதன் நடுவில் இருக்கும் வெள்ளைப் பஞ்சாகத் தெரிந்தது. ஒட்டினதே தெரியாது என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. உரிந்ததும் தெரியவில்லை.

"என்ன தம்பி தேடுறீங்க?"

ஷீலாவின் அம்மா கதவருகே நின்றிருந்தார்.

"விதை ஆன்ட்டி. மாதுள விதை வந்துரக் கூடாதேன்னு."

"மாதுளையில விதைய எடுத்துட்டா வேற என்னப்பா இருக்கு? குடுங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷி. கண்மூடித் திறப்பதற்குள் கிண்ணங்களில் பரிமாறியும் விட்டார்.

நான் பின்னாலேயே ஓடியபோது அங்கிள் ஸ்பூனை எடுத்துவிட்டார். அவர் சுற்றிப் போகும் அந்தத் தெரு என் கண்முன் வந்தது. இனி பெருங்களத்தூரையே சுற்றிக்கொண்டு போவார். பேசாமல் இருந்துவிடலாம், மெல்லாமல் விழுங்கினாலும் விழுங்கிவிடுவார் என்று ஒரு நினைப்பு வந்ததையும் மறைப்பதற்கில்லை. ஸ்பூன் மீசை வரைக்கும் போய்விட்டது.

"அங்கிள், சாப்பிடாதீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"காலையில பழம் வெட்டும்போது விரல வெட்டிக்கிட்டேன். பிளாஸ்திரி போட்டிருந்தேன். இப்ப அத காணோம். அது இதுக்குள்ள இருக்கலாம்."

அங்கிள் ஸ்பூனைக் கிண்ணத்தில் சத்தம் வராமல் வைத்தார். ஷீலா கண்ணை மூடிக்கொண்டாள். ஆன்ட்டி தன் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்தபடி அடுப்படி வாசலில் நின்றாள். அங்கிள் எழுந்து கை கழுவப் போனார். கல்யாணப் பேச்சும் அவரோடு எழுந்து போனது.

"அப்பா, அப்படியே நில்லுங்க" என்றாள் ஷீலா.

அந்த வெள்ளைச் சட்டையின் முதுகில், சரியாக நடுவில், ஃபேன் காற்றுக்கு ஒரு ஓரம் மட்டும் படபடக்க, என் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் நான் கை வைத்த இடம். ஷீலா பிய்த்தாள், உடனே வரவில்லை. என் விரலில் அரை நாள் நிற்காதது, அவர் சட்டையை விடமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஸ்தோத்திரம்" என்றாள். அந்த வார்த்தையை அவ்வளவு மனசார யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கிள் பிளாஸ்திரியை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எந்த டிபார்ட்மெண்ட்ல வேலன்னு சொன்னீங்க?"

"சேஃப்டி, அங்கிள்."

அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கிறார் என்பது ஆன்ட்டியும் சேர்ந்து சிரித்த பிறகுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, "அப்ப இதுக்குள்ள ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்து முழுசாகச் சாப்பிட்டார். நான் அடுப்படிக்குள் போய், யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதேன். நிம்மதியில் வந்த அழுகைதான்.

கல்யாணம் ஆகி இப்போது வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் வீட்டில் துணி பிளாஸ்திரி தவிர வேறு எதற்கும் அனுமதி இல்லை, வாங்குவது ஷீலா. ஒட்டிய பிறகு மேலே ஒரு ரப்பர் உறை மாட்டினால்தான் நான் கத்தியைத் தொடலாம். இப்போது எனக்கு மாமா ஆகிவிட்ட அங்கிள், எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, எனக்கு முதுகைக் காட்டுவார். நான் பரிசோதித்து, "ஒண்ணும் இல்ல மாமா" என்று சொன்ன பிறகுதான் செருப்பைப் போடுவார். வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆன்ட்டி கதையை முதலிலிருந்து சொல்வார்.

போன வாரமும் அப்படித்தான் முதுகைக் காட்டினார். புதுச் சட்டை, நேராகச் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். காலருக்குக் கீழே 'நாற்பத்திரண்டு' என்று சைஸ் போட்ட ஸ்டிக்கர் நீளமாக ஒட்டியிருந்தது. காலை ஆராதனை முழுக்க, முன்வரிசையில், அதோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஷீலா என்னைப் பார்த்தாள். நான் அதை மெல்ல உரித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.