முப்பத்தொன்றும் ஒரு கடைவாய்ப் பல்லும்

மீட்டர்காரர் அன்று காலை சாப்பாட்டு மேஜையில் ஒரு சபதம் எடுத்தார். வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்ததால் சபதம் அரை வாயில்தான் வெளியே வந்தது.

"பல் டாக்டர்கிட்ட நான் வரமாட்டேன். என்ன ஆனாலும் சரி!"

"என்ன ஆனாலும்னா? தாடையே கழண்டு விழுந்தாலுமா?" என்றாள் மனைவி.

"தானா சரியாயிடும்."

"போன மாசமும் இதே பல்லவிதான்."

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அவர் உத்தியோகம். எந்த வீட்டிலும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாய்க்குப் பயமில்லை, ஷாக்குக்குப் பயமில்லை, மாடிப்படிக்கு அடியில் இருட்டில் தலையை விடவும் பயமில்லை. பல் டாக்டரின் நாற்காலி என்றால் மட்டும் பயம். அதை ஒப்புக்கொள்வாரா? நல்லா ஒப்புக்கொண்டார் போங்கள்! வராமலிருக்க கௌரவமாக ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பகல் முழுக்க எண்களைப் பார்த்துவிட்டு வருகிறவர் வீட்டில் வேறு எதையாவது பார்ப்பார் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. பகா எண் என்றால் மனிதருக்கு உயிர். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். ஒன்பதுக்குள் மூன்று சுலபமாக நுழைந்துவிடும். ஏழுக்குள் எவனும் நுழைய முடியாது. "மனுஷன்னா ஏழு மாதிரி இருக்கணும்" என்பார் அடிக்கடி.

ஒரு நாள் பேக்கரி மீட்டரில் 331 என்று நின்றது. சும்மா விடுவாரா? வகுத்துப் பார்த்தார். பகா எண்! முதல் மூன்றை எடுத்துவிட்டால் 31, அதுவும் பகா எண்தானே? அப்படியென்றால் முன்னால் இன்னொரு மூன்றை ஒட்டினால்? 3331. பகா எண். இன்னொன்று? 33331. அதுவும்! 3333331 வரை ஒட்ட ஒட்ட ஒன்றும் உடையவில்லை. கால்குலேட்டரைத் தொடுவது அவருக்கு இழுக்கு என்பதால் எல்லாம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் பென்சிலால்தான். வீடெல்லாம் மூன்று மூன்றாக இறைந்து கிடந்தது.

"இங்க பாரும்மா," என்று தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தார். "முப்பத்தொண்ணுக்கு முன்னாடி எத்தனை மூணு போட்டாலும் பகா எண்தான் வருது. என் சொந்தக் கண்டுபிடிப்பு. வரிசையா சோதிச்சுக்கிட்டே போறேன். என்னிக்கு இது உடையுதோ அன்னிக்கே டாக்டர்கிட்ட வரேன். போதுமா?"

"உடையுமா?"

"உடையவே உடையாது!" என்றவர், சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "உடைஞ்சாலும் உடையலாம். யார் கண்டா?" என்றார்.

மனைவிக்கு வேலை ஒரு பெரிய கடை வளாகத்தின் வாசலில். உள்ளே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பவள். தினமும் ஆயிரம் முகங்களைப் பார்க்கிறவளுக்கு இந்த ஒரு முகம் எம்மாத்திரம்!

"சரி. உங்க கணக்கு மேல சத்தியம் பண்ணுங்க."

சந்தோஷமாகப் பண்ணினார். மாட்டிக்கொண்டது அவளல்லவா!

அடுத்த எண் 33333331. ஏழால் வகுத்தார், போகவில்லை. பதினொன்றால் வகுத்தார், போகவில்லை. பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. பகா எண் என்று சொல்ல வேண்டுமானால் சும்மாவா? சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு எண்ணையும் உள்ளே விட்டுப் பார்த்து, ஒன்றுகூட நுழையவில்லை என்று கண்டால்தான் ஆயிற்று. வாரக்கணக்கில் உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வகுத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவரால் கடிக்க முடிந்தால்தானே!

ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். அதுவும் இறங்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், "ஐயோ அம்மா" என்று அவள் கையைத் தள்ளினார்.

"நீங்க பட்டினி கிடக்கறப்ப நான் மட்டும் எப்படிங்க சாப்பிடறது? எனக்கும் ஒரு வாய் இறங்க மாட்டேங்குது," என்று அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கிளம்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். உடனே அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. பென்சிலைச் சீவ உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் பதறிப்போய் எட்டிப் பார்க்கும்படி ஒரு கத்தல். "பகா எண்! இதுவும் பகா எண்!"

"இப்ப நீங்க சிரிக்கறீங்களா, அழறீங்களா?" என்றாள் மனைவி.

அவருக்கே தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மனைவி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். இவர் இன்னொரு மூன்றை முன்னால் ஒட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். 333333331. ஏழு, போகவில்லை. பதினொன்று, போகவில்லை. பதிமூன்று, அதுவும் இல்லை. பதினேழு…

மீதி பூஜ்யம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வகுத்தார். மறுபடியும் பூஜ்யம். அத்தனை மூன்றுகளும் வரிசையாக நின்று பல்லை இளித்தன. பதினேழு ஹாயாக உள்ளே போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

சர்வீஸில் ஒரு யூனிட்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர். பயம் வந்துவிட்டால் யாரைத்தான் நம்புவது, சொல்லுங்கள்? தாளை நாலாக மடித்தார். பென்சிலைக் காதில் செருகினார்.

"ஆச்சு! இதுவும் பகா எண்தான்!"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அதுக்குள்ளயா?"

"பழகிடுச்சில்ல? கை தானா ஓடுது."

"போன நம்பருக்கு வாரக்கணக்கா உட்கார்ந்தீங்க. இது அதைவிடப் பெரிசு. இன்னும் தண்ணியே கொதிக்கல."

"அது வந்து… அப்படியில்லம்மா, இதுல ஒரு சூட்சுமம்…"

"என்ன சூட்சுமம்? தினமும் நான் பண்ற வேலைதானேங்க இது! பையில ஒண்ணும் இல்லைன்னு சொல்லணும்னா அடி வரைக்கும் துழாவணும். ஒரு அறை விடாம பாக்கணும். ஏதாவது இருந்தா, கை பட்ட இடத்தோட சோலி முடிஞ்சுது. உங்க சோலி ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது?"

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மீட்டர்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எந்த எண்ணு கையில பட்டுது?" என்றாள், குரலைத் தணித்து.

"பதினேழு."

"ம்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"தெரியும். கல்யாணமான புதுசுல இருந்தே தெரியும். நாளைக்கு லீவு போடறேன். கூடவே உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கறேன். இப்ப டீயைக் குடிங்க, ஆறினதும்."

மறுநாள் டாக்டரம்மா அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த நர்ஸிடம், "பதினேழு. எடுத்துடலாம்," என்றார்.

மீட்டர்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ஏம்மா, இவங்க வரைக்கும் சொல்லிட்டியா?"

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலங்க!"

டாக்டரம்மா சிரித்தார். "உங்க பல்லோட நம்பர் சார் அது. வாயை நாலு பாகமா பிரிச்சுக்குவோம். மேல் வலது ஒண்ணு, மேல் இடது ரெண்டு, இப்படி. நடுவுல இருந்து எண்ணினா உங்களுது ஏழாவது பல்லு. அந்த ஏழுக்கு முன்னாடி பாகத்தோட எண்ணைப் போடுவோம். பதினேழு."

"முன்னாடியா போடுவீங்க?"

பரவசத்தில் வாயைப் பிளந்தார். ஊசி உள்ளே போய்விட்டது.

மனைவி சொன்னபடி கையை விடவேயில்லை. அவள் விரலெல்லாம் சிவந்துபோனதுதான் மிச்சம். பல் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் டாக்டரம்மா அடுத்து வாயைத் திறக்கும் வரைதான்.

"இடது பக்கம் மேலயும் அதே ஏழாவது பல்லு சொத்தை. வலி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்துடுங்க."

மறுபடியும் நாற்காலியா? பஞ்சு அடைத்த வாயோடு மனைவியின் முந்தானையை இழுத்தார். அவர் உளறலைப் புரிந்துகொள்ள அவளால் மட்டும்தான் முடியும்.

"புதுப் பந்தயம்! ஏழு பகா எண். முன்னாடி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே போவேன். அது உடைஞ்சாத்தான் வருவேன். இந்தத் தடவை பொய் கிடையாது. கணக்கு மேல சத்தியம்!"

"முன்னாடி எந்த எண்ணைப் போடறது?"

எதைச் சொன்னாலும் பல மாதம் இழுத்துவிடலாம் என்ற தெம்பு அவருக்கு. தாராளமாகக் கையை விரித்தார். "நீயே சொல்லு!"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"டாக்டரம்மா, அந்த இடது பக்கத்துப் பல்லு, அதுக்கு என்ன நம்பர்?"

"இருபத்தேழு."

"அப்ப ஏழுக்கு முன்னாடி அந்த ரெண்டையே போடுங்க," என்றாள் அவரிடம்.

மூவொன்பது இருபத்தேழு. அதற்குப் பென்சில்கூடத் தேவைப்படவில்லை. மீட்டர்காரரின் வாயிலிருந்த பஞ்சு மடியில் விழுந்தது.

"அடுத்த வாரமே எழுதிக்கோங்க டாக்டரம்மா," என்றாள் மனைவி. "அவர் கணக்கு உடைஞ்சிடுச்சு."