முள்கரண்டியின் இடுக்கி

பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு கிழிந்த தார்ப்பாய், அதன்மேல் ஆறு மணிபர்ஸ். அதுதான் என் முதல் கடை. அந்த ஆறில் ஒன்றுக்கு ஜிப் வேறு கிடையாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கியவன். போலீஸ் விரட்டியது, கார்ப்பரேஷன் விரட்டியது, ஒரு தடவை மாடும் விரட்டியது. இன்று தி.நகரில் எனக்கு மூன்று மாடிக் கட்டடம். கீழே பெட்டிகள், நடுவில் பைகள், மேலே வீடு, பின்பக்கம் பட்டறை. வெள்ளம் புகுந்து பட்டறையில் மீன் நீந்திய வருஷம், மீனை வெளியே அனுப்பிவிட்டு நாலாம் நாளே கடை திறந்தவன் நான். இங்கே லிஃப்ட் வைக்கவே முடியாது என்று மூன்று இன்ஜினீயர்கள் சொன்ன இடத்தில் லிஃப்ட் வைத்தேன். இரண்டாம் மாடியில் அது கொஞ்சம் நின்று யோசிக்கும். ஆனால் போகும்.

இவ்வளவும் செய்த என்னால் ஒரே ஒரு ஆளைக் கடையில் வாங்கிய ஒரு குத்தூசியைப் பிடிக்க வைக்க முடியவில்லை. விலைக்கு விற்கிற கருவி எதையும் விரலால்கூடத் தொடாத தொழிலாளி இந்தப் பூமியில் அவர் ஒருத்தர்தான். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். அவருடைய பெயர் ஆதார் அட்டையில் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அவர் முள்கரண்டி.

சிந்தாதிரிப்பேட்டைக்காரர். தோல் பை தைக்கிற வேலைக்கு என்னிடம் வந்தார். வந்த முதல் நாள், பெரியமேட்டில் நானே பார்த்து வாங்கிய புதுக் கருவிப் பெட்டியை அவர் முன்னால் திறந்து வைத்தேன். குத்தூசி, உளி, சுத்தியல், எல்லாம் பளபளவென்று. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். கெட்டுப்போன மீனைத் திருப்பி வைப்பது மாதிரி திருப்பி வைத்தார்.

“இது யார் கைக்கு செஞ்சது அண்ணாச்சி?”

யார் கைக்கும் செய்யவில்லை, கடையில் வாங்கியது என்றேன்.

“அப்ப அந்தக் கடைக்காரனையே தைக்கச் சொல்லு.”

அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் இடுப்பில் செருகியிருந்த துணிச்சுருளைப் பிரித்து, ஒரு துண்டுத் தோலில் பத்துத் தையல் போட்டுக் காட்டினார். அதைப் பிரிக்க நான் பல்லால் இழுத்தேன். பல்தான் ஆடியது.

அந்தத் துணிச்சுருளில் இருந்ததெல்லாம் அவரே செய்துகொண்டவை. அவருடைய குத்தூசி முன்ஜென்மத்தில் ஒரு குடைக்கம்பி. மழைக்காலத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போவார்கள். கசாப்புக்கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பது மாதிரி இவர் அந்தக் குடைகளைப் பார்ப்பார். திருட மாட்டார், அது வேறு. “சார், இந்தக் குடை செத்துப்போனா என்கிட்ட குடுத்துருங்க” என்று முன்பதிவு செய்துவைப்பார். நல்ல குடையைக் கையில் வைத்திருப்பவருக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும்? இரண்டு பேர் பை வாங்காமலே போனார்கள்.

கைப்பிடி விஷயம் இன்னும் மோசம். மைதா மாவைப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிப்பார். விரல் பதிந்த அந்த அச்சைப் பார்த்துப் பார்த்துக் கட்டையைச் செதுக்குவார். கட்டைக்கு எங்கே போவார்? ஒரு நாள் எங்கள் வீட்டுச் சப்பாத்திக் கட்டையைக் காணோம். விசாரித்தால், என் வீட்டுக்காரியிடம் நேராகவே கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து தினமும் சப்பாத்தி தேய்த்து அலுத்துப்போனவள், கட்டையோடு பலகையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

பட்டப்பெயர் வந்தது என் மகள் கல்யாண வரவேற்பில். பஃபே சாப்பாடு. எல்லாரும் தட்டோடு வரிசையில் நிற்க, இவர் முள்கரண்டிகள் அடுக்கிய தட்டத்தின் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு கரண்டியாக விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி சமமா என்று பரிசோதனை. நாற்பது கரண்டிக்கு மேல் போயிற்று. பின்னால் வரிசை ஹால் வாசல்வரை நீண்டுவிட்டது. சம்பந்தி என்னிடம் வந்து, அவர் உங்கள் பக்கத்துச் சொந்தமா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, கேட்டரிங் ஆள் என்றேன். கேட்டரிங் சூப்பர்வைசர் வந்து, அவர் உங்கள் சொந்தமா என்று கேட்டார். இல்லை, சம்பந்தி வீட்டு ஆள் என்றேன். கடைசியில் ஆளை நகர்த்துவதற்காக அந்தச் சூப்பர்வைசரே ஒரு கரண்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதன் பற்களை அராவிக் கூராக்கி, தோலில் வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டினால் நாலு புள்ளி அடையாளம், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. குத்தூசி அந்த நாலு புள்ளி வழியே போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கரண்டியால் தைத்த பை ஒன்றுகூடப் பிரிந்துவிட்டது என்று திரும்பி வந்ததில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நாலு வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை.

ஆயுத பூஜை எங்கள் கடையில் விளையாட்டில்லை. தையல் மிஷின், லிஃப்ட், கால்குலேட்டர், என் மூக்குக்கண்ணாடி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். பட்டறைக் கருவிகளைத் துடைத்துச் சிவப்புத் துணியில் பரப்பி, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எவனும் எதையும் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் முள்கரண்டி என்னைவிடக் கெடுபிடி. தன் கருவிகளுக்கு அவரேதான் பொட்டு வைப்பார். முள்கரண்டிக்குப் பல்லுக்கு ஒரு பொட்டு.

பூஜை முடிந்து மூன்று மணி இருக்கும். ஆட்டோவிலிருந்து ஒரு அம்மாள் கைத்தடி ஊன்றி இறங்கினார். மயிலாப்பூரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உதவியாளாகப் பதினைந்து வருஷம் இருந்தவர், பத்மா டீச்சர். சின்ன வயசில் போலியோ வந்த வலது காலுக்குக் காலிப்பர் போடுகிறவர். காலைத் தாங்குகிற அந்த இரும்புச் சட்டத்தைத் தொடையோடு இறுக்கிப் பிடிக்கிற தோல் பட்டை, அன்று காலையில் தையல் விட்டுக் கையோடு வந்துவிட்டது. அதை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். செய்து கொடுத்த இடம் பூட்டு. தெப்பக்குளத்துப் பக்கம் செருப்புத் தைக்கிறவர்கள் எல்லாரும் கருவியைப் பூஜையில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. மந்தைவெளியில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாகப் பள்ளி தொடங்குகிறார். பதினோரு பிள்ளைகள். தட்டில் அரிசி பரப்பி, ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து ‘அ’ எழுத வைக்க வேண்டும்.

“என்னால தரையில உட்கார முடியாது சார். மேஜை போட்டு நின்னுண்டுதான் எழுத வைக்கணும். கைத்தடிக்கு ஒரு கை போயிட்டா, குழந்தையை அணைச்சுக்க ஒரு கை, விரலைப் பிடிக்க ஒரு கை, எங்கே போவேன்? ஏழரை மணிக்கு நல்ல நேரம். நாளைக்கு எழுத வைக்கலைன்னா வேற ஸ்கூல்ல கொண்டு போய்ச் சேர்த்துடுவா.”

மறுபூஜை முடித்து ஒன்பது மணிக்குத் தருகிறேன் என்றேன். அந்த அம்மாள் பட்டையை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் தார்ப்பாய்க் காலத்திலிருந்து நான் மீறாத ஒரு வழக்கம் அது. முள்கரண்டியைப் பார்த்தேன். அவர் சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி, இவர் எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“பூஜைல வெச்சத நான் தொட மாட்டேன் அண்ணாச்சி” என்றார். அப்புறம் தலையைச் சொறிந்தார். “ஆனா இன்னும் பொறக்காத ஐட்டத்துக்கு யாரு பொட்டு வெச்சா?”

அடுத்த ஒரு மணி நேரம் என் வீட்டில் நடந்ததைக் கொள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். என் பேரன் நூடுல்ஸ் சாப்பிடுகிற முள்கரண்டி முதலில் போயிற்று. பேரன் அழுதான். அராவ அரம் பூஜையில் இருந்ததால் பின்பக்கத்து சிமெண்ட் படியிலேயே தண்ணீர் விட்டுத் தேய்த்தார். அடுத்தது என் குடை. அது சாகாத குடை, போன தீபாவளிக்கு வாங்கியது. கம்பியை ஒடித்து அதே படியில் கூர் தீட்டி, கைப்பிடிக்கு ஒரு முழு கேரட்டைக் குத்திப் பார்த்து, அது உடைந்துபோக, என் மருமகள் முடி சீவுகிற பிரஷ்ஷின் கட்டையை அறுத்துப் பொருத்தினார். சுத்தியலுக்கு அம்மிக் குழவி. ஊசியும் பூஜையில். அதனால் நூலின் இரண்டு முனைகளையும் முறுக்கி, மருமகளின் நகப்பாலிஷைத் தடவிக் காயவைத்தார். ஷூ லேஸ் நுனி மாதிரி விறைத்து நின்றது, ரோஸ் கலரில். நூல் கருவியா சரக்கா என்று நான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன். “சரக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். என் வீட்டுக்காரி கேட்காததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாள். வடை தட்டுகிற கரண்டி எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எல்லாம் தயார். ஒன்று மட்டும் இல்லை. தோல் தைக்க இரண்டு கையும் வேண்டும், இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. அதனால் தோலை ஒரு மர இடுக்கியில் கவ்வ வைத்துத்தான் தைப்பார்கள். இடுக்கியோ சந்தனம் பூசிக்கொண்டு சிவப்புத் துணியில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. வேறொன்று செய்ய ஒரு நாள் ஆகும். முள்கரண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். கதவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், குடையைப் பார்க்கிற அதே பார்வையால் என்னைப் பார்த்தார்.

“குந்து அண்ணாச்சி.”

என்னைக் கடை வாசல் வெளிச்சத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தார். இரண்டு மரஸ்கேலுக்கு நடுவில் பட்டையை வைத்து, அதை என் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, அழுத்து என்றார். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? முதலாளி தன் தொழிலாளி முன்னால் கும்பிட்டு உட்கார்ந்திருக்கிறான். எதிர்க்கடை ஜவுளிக்காரர் பொரி கொடுக்க வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, பெரிய தப்பா?”

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன்.

“இடுக்கி பேசக்கூடாது” என்றார் முள்கரண்டி.

இரண்டரை மணி நேரம். முதுகு பிளந்தது. குடைக்கம்பி இரண்டு முறை என் உள்ளங்கையைப் பதம் பார்த்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தபோது, இடுக்கிக்கு மூக்கு ஏது என்றார். பாதியில் என் கை நடுங்கத் தொடங்கியது. அவர் தையலை நிறுத்தி என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக முள்கரண்டி என்னிடம் தணிந்த குரலில் பேசினார்.

“இன்னும் பதினாலு தையல்தான் நைனா. நீ வுட்டா கோணிக்கும். கோணினா அந்தம்மா காலு அறுத்துக்கும்.”

“நீர் தச்சு முடியும்வே” என்றேன். நடுக்கத்தைப் பல்லைக் கடித்து நிறுத்தினேன். அவர் எண்ணவில்லை, நான் எண்ணினேன். பதினேழு தையல் போட்டார்.

டீச்சர் உள்ளறைக்குப் போய்க் காலிப்பரை மாட்டிக்கொண்டு வந்தார். முட்டிப் பூட்டு ‘டக்’ என்று விழுந்தது. கைத்தடியை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தார். இரண்டு கையும் காலியாக, கடை நடுவில் அப்படியே நின்றார். பிறகு ஒரு பிள்ளை அங்கே நிற்பது மாதிரி குனிந்து, காற்றில் ஒரு விரலைப் பிடித்து, ‘அ’ எழுதிப் பார்த்தார். முள்கரண்டி தொடையைப் பார்க்க முடியாதே, அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு, “கடிக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றார் டீச்சர். ரோஸ் நூல் முனையை மட்டும் வெட்ட வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

மறுநாள் பதினோரு பேரும் எழுதினார்கள். இன்று அங்கே நாற்பது பிள்ளைகள். டீச்சருக்கு ஒரு ஆயாவும் உண்டு.

முள்கரண்டி போன வருஷம் என்னிடமிருந்து விலகி, அடையாறில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டார். வேலை, மற்றவர்கள் கைக்கு அளவெடுத்துத் தோல் தைக்கிற கருவி செய்து கொடுப்பது. பொழுதுபோக்குக்குத் தோல் தைக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வரிசையில் நின்று மைதா மாவைப் பிடித்துக் கை அளவு கொடுக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு நான்தான் குத்துவிளக்கு ஏற்றினேன். சுவரில் ஒரு பலகை மாட்டி, அந்த ஆயுத பூஜைக் கருவிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் சீட்டு: ‘பேரப்பிள்ளை முள்கரண்டி’, ‘அண்ணாச்சி குடை’, ‘மருமகள் பிரஷ்’, நகப்பாலிஷ் பாட்டில்கூட. வருகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள்.

வே, முள்கரண்டி, நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகை உம் கடைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பலகையில் ஒரு கருவி குறைகிறது. கடைசியில் ஒரு ஆணி அடித்து என் போட்டோவை மாட்டும். மாலை போட்டுவிடாதீர், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். கீழே முதலாளி என்று எழுத வேண்டாம். அப்படிக் கூப்பிட ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ‘இடுக்கி’ என்று எழுதும். அப்படி என்னைக் கூப்பிட்டது நீர் ஒருத்தர்தான்.