கலோஸ் சாரின் காலிக் கட்டம்

திருவனந்தபுரத்தில் நல்ல ஆண்களுக்குப் பஞ்சம் என்பதை அட்டவணை போட்டு நிரூபித்தவர் எங்கள் கலோஸ் சார் ஒருவர்தான்.

தம்பானூர் லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை. மார்த்தாண்டத்துக்காரர். போதகராகப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி, சர்க்கார் குமாஸ்தா ஆனவர். படிப்பில் மிஞ்சியது பழைய கிரேக்கம். அதிலும் ஒரே சொல்லில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"அழகு, நல்லது, ரெண்டையும் சேத்து ஒத்தை வார்த்தையில சொல்லிப்போட்டான்வே கிரேக்கன்!" என்பார். அந்த வார்த்தை ஆணுக்குக் கலோஸ், பெண்ணுக்குக் கலே, பொருளுக்குக் கலோன். அவர் பெயரும் எங்களுக்குக் கலோஸ் சார் ஆகிவிட்டது.

சுவரில் ஒரு காகிதம். அந்தச் சொல்லின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் அதற்குத் தகுந்தவர் பெயர். கலே கட்டத்தில் ஆரியசாலைப் பூக்காரி. முழத்தைத் தன் கையால் அளக்காமல், வாங்குகிறவரின் நீளக் கையால் அளப்பாளாம். கலோன் கட்டத்தில் லாட்ஜ் கடிகாரம். நின்றுபோனதிலிருந்து அது யாரையும் விரட்டுவதில்லையாம். கலோஸ் கட்டம் மட்டும் நான்கு வருஷமாகக் காலி.

"சாரே, என் பேரை எழுதப்படாதா?"

கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அழகும் இல்ல. மத்ததும் சந்தேகந்தான், பாத்துக்கிடும்."

லாட்ஜ் மெஸ்ஸில் சமையல் கிட்டு சாமி. ஆசாரக்காரர். சார் கிறிஸ்தவ வேதக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் பின்கட்டில் தனி இலை. முன்கூடத்தில் உட்கார்ந்த நாங்கள், சோற்றுக்குத் தவிர வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாசி மாதம் கிட்டு சாமிக்கு வைசூரி கண்டது. லாட்ஜே காலி, நானும்தான் ஓடினேன். சார் மட்டும் சாமியைத் தம் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர் வைத்த கஞ்சியைக் கண்டதும் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"முதல்ல பிழைச்சுக்கிடும் ஓய். பிராயச்சித்தம் பெறகு பண்ணலாம்."

சாமி குடித்தார். பிழைத்தார்.

மெஸ் மறுபடி திறந்த அன்று, முன்கூடத்தில் எங்கள் நடுவே சாருக்கு இலை போட்டார் சாமி. முதலாளி பாய்ந்து வந்தார்.

"எந்தா சாமி இது? ஆளுக எறங்கிப் போயிருமே!"

"போறவா போகட்டும். இவர் இங்கேதான் சாப்பிடுவார். இல்லேன்னா நானும் கிளம்பறேன்."

இரண்டு பேர் எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாள் வீரம் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சார் கலோஸ் கட்டத்தில் எழுதினார்: கிட்டு சாமி.

"மூஞ்சி பூராத் தழும்பு. அழகா சாரே?" என்று கேட்டேன்.

"நல்லாப் பாரும்வே" என்றார்.

அந்தக் காகிதத்தில் தம் பெயரை அவர் எழுதிக்கொள்ளவில்லை. எழுதவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஆனால் கேலிக்காக நாங்கள் வைத்த பெயர் அவருக்கே பொருந்தும் பெயர். இத்தனை வருஷம் கழித்து, கேலி இல்லாமல் ஒருமுறை எழுதிக்கொள்கிறேன்: கலோஸ் சார்.