பின்னால் நிற்கும் பெருங்கலை

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்று பாடப்புத்தகங்கள் பெருமைப்படுகின்றன. படட்டும். ஆனால் சக்கரத்தைக் கண்டுபிடித்தவனைவிடப் பெரிய மேதை ஒருவன் இருக்கிறான். ஓடும் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று நம் மேல் அடிக்காது என்று கண்டுபிடித்தவன்.

ஒருநாள் சைக்கிள் பந்தயம் என்ற உன்னத விளையாட்டு முழுவதும் அந்த மேதையின் தோளில்தான் நிற்கிறது. இருநூற்று நாற்பது கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் முடிந்துவிடும். முன்னால் போகிறவன் எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்குகிறான். அவன் முதுகை ஒட்டிப் போகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். மிச்சம் பிடித்த பலத்தைக் கடைசி இருநூறு மீட்டரில் வெளியே எடுத்து, முன்னால் போனவனைத் தாண்டி, இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்குகிறவன் "வீரன்". அதுவரை காற்று வாங்கியவன் "உதவியாளர்".

நம் உதவியாளருக்குத் தண்ணியண்ணன் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. பதினோரு வருடமாக அதை நினைவில் வைத்திருந்தது அவருடைய அடையாள அட்டை மட்டும்தான். அணியின் கார் பின்னால் வரும்; அதனிடம் போய்த் தண்ணீர் பாட்டில்களை வாங்கி, சட்டைக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு, மூச்சிரைக்க முன்னேறித் தலைவரிடம் கொடுப்பது அவர் தொழில். பிறகு தலைவருக்கு முன்னால் போய்க் காற்றைத் தடுக்க வேண்டும். இருநூறாவது கிலோமீட்டரில் கால்கள் கழன்று விழும் நிலைக்கு வந்ததும் காதிலிருக்கும் ஒலிக்கருவியில் மேலாளரின் குரல் வரும்: "போதும், கார்ல ஏறு." ஏறிவிடுவார். கார் அவரை எல்லைக்கோட்டருகே நிற்கும் அணிப் பேருந்தில் கொண்டுபோய் விடும். பதினோரு வருடத்தில் இந்தப் பந்தயத்தின் எல்லைக்கோட்டை அவர் ஒரு தடவைகூடச் சைக்கிளில் தாண்டியதில்லை.

இந்த நுட்பம் அவர் மனைவிக்குப் புரியவில்லை. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர் சீட்டில் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் படித்துவிடுவாள். விளையாட்டு வியூகம் மட்டும் அவளுக்கு எட்டாது.

"வருஷா வருஷம் லீவு போட்டுட்டு, ஒரு துண்டை மடிச்சு எடுத்துக்கிட்டு, அந்தக் கோட்டுப் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள் பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில், அவர் பையில் துணி அடுக்கியபடியே. "நீங்க பஸ்ஸோட பின்கதவு வழியா இறங்கி வர்றீங்க. கடையில கேக்குறாங்க, உங்க வீட்டுக்காரர் பந்தயத்துல ஓட்டுறாரா, பஸ்ஸைக் கழுவுறாரான்னு."

"இந்த வருஷம் சைக்கிள்லயே வந்துடுறேன்."

"சத்தியமா?"

"மேலாளர் விட்டார்னா சத்தியமா."

"இதுக்குப் பேரு சத்தியம் இல்லங்க. விண்ணப்பம்."

அந்த விண்ணப்பத்தோடுதான் பந்தய நாள் காலை அணிப் பேருந்தின் ஆலோசனைக் கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அணியை நடத்துவது ஒரு மெத்தை நிறுவனம். வீரர்களின் முதுகில் "இனி நீங்கள் எழவே மாட்டீர்கள்" என்ற விளம்பர வாசகம் பெரிய எழுத்தில் இருக்கும். மேலாளர் வெள்ளைப் பலகையில் நான்கு வண்ணங்களில் வட்டங்களும் அம்புகளும் போட்டிருந்தார். எல்லா அம்புகளும் பின்னோக்கியே இருந்தன.

"நம்ம லட்சியம் என்ன?" என்றார்.

"ஜெயிக்கிறது" என்றார் புதிதாகச் சேர்ந்த ஒருவர்.

பேருந்து முழுவதும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. தலைவர் தன் இருக்கையிலிருந்து மெல்ல எழுந்தார்.

"மாப்ள ஜெயிக்கக் கூடாது. அதான் லட்சியம்."

மாப்பிள்ளை என்பவர் எதிரணியின் தலைவர். நம் தலைவரின் தங்கையைக் கட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது யார் முன்வரிசையில் நடுவில் நிற்பது என்று இருவருக்கும் ஒரு சிறு தள்ளுமுள்ளு. படத்தில் மணப்பெண் தெரியவில்லை. அன்றைக்கு முன்னால் நிற்பதற்காகத் தொடங்கிய சண்டை, அன்று முதல் சாலையில் பின்னால் நிற்பதற்காக வளர்ந்து வருகிறது. ஒருவர் காற்றில் மற்றவர் ஒளிந்து ஜெயித்துவிடக் கூடாதே! அதனால் இருவரும் மூன்று வருடமாக ஜெயிக்கவில்லை. பத்திரிகைகள் இதை "நூற்றாண்டின் மோதல்" என்று எழுதின.

மேலாளர் வியூகத்தை விளக்கினார். தண்ணியண்ணன் ஆரம்பத்திலேயே கூட்டத்தைவிட்டு முன்னால் ஓடிவிட வேண்டும். நம் ஆள் ஒருவர் முன்னால் இருக்கும்போது துரத்தும் பொறுப்பு நமக்கில்லை. எதிரணிதான் துரத்திக் களைத்துப்போகும். கடைசி ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவர் இரண்டு பாட்டில்களோடு தலைவருக்காகக் காத்திருப்பார். தலைவருக்குத் தண்ணீர் கொடுத்து, ஏற்றத்தில் காற்றைத் தடுத்து, கார் ஏறிவிடுவார்.

"சார்" என்று கையைத் தூக்கினார் தண்ணியண்ணன். "இந்தத் தடவை கோடு வரைக்கும் வரட்டுமா? மெதுவாத்தான் வருவேன். எல்லாரும் போனப்புறம்."

"எதுக்கு?"

"வீட்ல வந்து நிப்பாங்க."

மேலாளர் பலகையை உற்றுப் பார்த்தார். வீட்டுக்கான வட்டம் அதில் இல்லை. "அடுத்த வருஷப் பெயர்ப்பட்டியலை இன்னிக்குச் சாயங்காலம் பஸ் கதவுல ஒட்டப்போறேன். சொன்னதைச் செஞ்சவங்க பேரு அதுல இருக்கும். இருக்கணுமா, வேணாமா?"

"இருக்கணும் சார்."

"அப்போ கார்ல வா."

பந்தயம் தொடங்கியது. வியூகம் அச்சுப் பிசகாமல் நடந்தது. தண்ணியண்ணனும் வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த இன்னும் மூன்று உதவியாளர்களும் ஆரம்பத்திலேயே முன்னால் ஓடினார்கள். பின்னால் இருந்த நூற்று நாற்பது பேரும் இருவரை மட்டும் கவனித்தார்கள். எல்லா அணிகளின் வெள்ளைப் பலகையிலும் ஒரே வாக்கியம்தான்: "மச்சானையும் மாப்பிள்ளையையும் விட்டுவிடாதே."

இருநூற்று இருபதாவது கிலோமீட்டர். கடைசி ஏற்றத்தின் அடிவாரம். தண்ணியண்ணன் உத்தரவுப்படி நின்றார். சட்டைக்குள்ளிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சாலையோரக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். கூட வந்த மூவரும் சடாரென்று பிரேக் பிடித்தார்கள்.

"என்ன தந்திரம்ண்ணே இது?" என்றான் நெட்டையாக இருந்தவன்.

"தந்திரம் எல்லாம் இல்ல தம்பி. தலைவருக்குத் தண்ணி."

"எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது? நாங்க முன்னாடி போனதும் பின்னாடியே ஒட்டிக்கலாம்னுதானே?"

"சத்தியமா இல்லப்பா. நீங்க போங்க."

"போங்கன்னு வேற சொல்றாரு" என்றான் இன்னொருவன், பயந்துபோய். "எவ்வளவு பெரிய தந்திரமா இருக்கும்!"

மூவரும் அவருக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றுகொண்டார்கள்.

இரண்டு நிமிடம் போனது. ஐந்து போனது. தலைவர் வரவில்லை. அவருடைய குரல் மட்டும் காதில் வந்தது. கூடவே, பக்கத்திலிருந்த இன்னொரு குரலும்.

"நீங்க முன்னாடி போங்க மாப்ள."

"நீங்க போங்க மச்சான். பெரியவங்க இருக்கும்போது முன்னாடி போறது மரியாதை இல்ல."

"கல்யாணத்துல படம் எடுத்தப்போ இந்த மரியாதை எங்க போயிருந்துச்சு?"

"உங்க முழங்கைக்குக் கீழ மாட்டிக்கிட்டு இருந்துச்சு."

நான்கு கிலோமீட்டர் பின்னால் வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. இருவரும் வேகத்தைக் குறைத்து, மேலும் குறைத்து, நடக்கும் வேகத்துக்கு வந்து, கடைசியில் காலை ஊன்றி நின்றேவிட்டார்கள். பின்னால் வந்த நூற்று முப்பத்தெட்டுப் பேரும் உத்தரவுப்படி நின்றார்கள். நடுவர் விதிப்புத்தகத்தை மூன்று தடவை புரட்டினார். வேகமாகப் போவதற்குத் தடையில்லை; போகாமல் இருப்பதற்கும் தடையில்லை. சாலையோரத்து வீட்டு அம்மா ஒருத்தி இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். தொலைக்காட்சி வர்ணனையாளர் குரல் தழுதழுக்க, "என்ன ஒரு ஆட்டம்! கண்ணிமைக்க முடியவில்லை!" என்றார்.

"அசையாதீங்க!" என்று மேலாளர் காதுக்குள் கத்தினார். "அற்புதம்! டிவி முழுக்க உங்க முதுகுதான்! மெத்தைக் கம்பெனி முதலாளியே போன் பண்ணிட்டாரு!"

"சார்" என்றார் தண்ணியண்ணன். "நான் என்ன பண்ணட்டும்?"

"யாரு?"

"நான்தான் சார். தண்ணி."

"நீ எங்க இருக்க?"

"முன்னாடி சார்."

"முன்னாடியா? அங்க என்ன பண்றே? சரி சரி, இப்ப பேசாத. இங்க முக்கியமான வேலை நடக்குது."

ஒலிக்கருவி அடங்கியது. தண்ணியண்ணன் கையிலிருந்த பாட்டில்களைப் பார்த்தார். தண்ணீர் வெயிலில் சூடாகியிருந்தது. ஏற்றத்துக்கு அந்தப் பக்கம், இருபது கிலோமீட்டர் தொலைவில், ஒருத்தி மடித்த துண்டோடு நின்றுகொண்டிருப்பாள். பதினோரு துண்டுகள். ஒன்றில்கூட அவர் வியர்வை பட்டதில்லை. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்தான். ஆனால் இன்றைக்கும் அந்தப் பின்கதவு வழியாக இறங்க அவர் கால்கள் ஒத்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை.

இரண்டு பாட்டில்களையும் கிலோமீட்டர் கல்லின் மேல், தலைவர் கண்ணில் படும்படி, மூடி சாலையைப் பார்க்கும்படி மரியாதையாக வைத்தார். சைக்கிளில் ஏறினார்.

"ஆரம்பிச்சுட்டாருடா!" என்று மூவரும் அவர் பின்னால் பாய்ந்து ஒட்டிக்கொண்டார்கள்.

முன்னால் போவது தண்ணியண்ணனுக்குப் புதிதல்ல. தலையைத் தாழ்த்தி, முழங்கைகளை விரித்து, பின்னால் இருப்பவர்களுக்குக் காற்று படாமல் ஓட்டுவது அவர் உடம்பில் ஊறியிருந்தது. ஏற்றம் முழுவதும் ஓட்டினார். இறக்கம் முழுவதும் ஓட்டினார். பின்னால் மூவரும் அவரைத் தாண்டவில்லை. தாண்டுவதற்குப் பயமில்லை, முதலில் வெளியே வருகிறவன் பின்னால் மற்ற இருவரும் ஒட்டிக்கொள்வார்களே என்ற கணக்கு. நெட்டையன் மற்றவனைப் பார்த்தான். மற்றவன் மூன்றாமவனைப் பார்த்தான். மூன்றாமவன் நெட்டையனைப் பார்த்தான். வியூகத்தில் மூவரும் சம அளவில் கெட்டிக்காரர்கள். ஆயிரம் மீட்டர், ஐந்நூறு, இருநூறு. அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் எல்லைக்கோடு வந்துவிட்டது.

தண்ணியண்ணன் கைகளைத் தூக்கவில்லை. எப்படித் தூக்குவது என்று பழக்கமில்லை. கூட்டத்தில் அவளைத் தேடினார். காணவில்லை. கோட்டுக்கு அப்பால் ஒரு டீக்கடை வரிசையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்ற நிம்மதியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க!" கையில் டீயோடு ஓடி வந்தாள். பாதி டீ வழியிலேயே சிந்தியது. "அதுக்குள்ளயா? யாரு ஜெயிச்சது?"

"தெரியலம்மா. முன்னாடி யாரையும் காணோம்."

அவள் அவரைப் பார்த்தாள். அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறி அவர் முகத்தில் அழுத்தினாள். துண்டுக்குள் அவர் முகம் இருந்ததால் அவள் அழுததை அவர் பார்க்கவில்லை.

"நான் பார்க்கலையே" என்றாள். "பதினோரு வருஷம் நின்னுட்டு, இன்னிக்குப் பார்த்து டீக்குப் போயிட்டேனே!"

"அவ்வளவுதானே? இரு" என்று சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோய், மறுபடியும் ஒருமுறை கோட்டைத் தாண்டிக் காட்டினார். இந்த முறை கைகளைத் தூக்கினார். கீழே விழுந்தார். எழுந்தார்.

மாலையில் பேருந்தில் "விசாரணைக் குழு" கூடியது. அதற்குள் அணியின் அதிகாரபூர்வ அறிக்கை வெளியாகியிருந்தது: தலைவரின் ஈடு இணையற்ற தியாகத்தாலும் மேலாளரின் தீர்க்கதரிசனத்தாலும் வெற்றி கிட்டியது. தண்ணியண்ணன் பெயர் அதில் இடப் பற்றாக்குறையால் விடுபட்டிருந்தது. அதே பற்றாக்குறை, கதவில் ஒட்டியிருந்த அடுத்த வருடப் பட்டியலிலும் தெரிந்தது.

"ஜெயிச்சது அணி" என்றார் மேலாளர், காகிதத்தைப் பார்த்தபடி. "மீறினது நீ. தலைவருக்குத் தண்ணி கொடுக்கல. முக்கால் மணி நேரம் டிவியில நம்ம முதுகு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீ போய் ஜெயிச்சதால கேமராவை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. இது நான் எடுத்த முடிவில்ல; மேலிடம்."

தலைவர் மேலாளரின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினார். "கல்லு மேல வெச்சிருந்தீங்களேண்ணே, தண்ணி... கொதிச்சுது" என்றார் வருத்தமாக.

பேருந்தின் பின்கதவு திறந்திருந்தது. வெளியே அவர் மனைவி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணியண்ணன் எழுந்து, அந்தக் கதவைத் தாண்டி நடந்து, முன்கதவுக்கு வந்தார்.

"நில்லுப்பா, கடைசிக் கேள்வி. பதிவேட்டுக்கு வேணும்" என்றார் மேலாளர். "பதினோரு வருஷமா ஒழுங்கா இருந்த ஆளு நீ. இன்னிக்கு என்ன திடீர்னு முன்னாடி போகணும்னு தோணுச்சு?"

தண்ணியண்ணன் படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நான் எப்பவும் முன்னாடிதான் சார் இருந்தேன். இன்னிக்கு நீங்க யாரும் பின்னாடி வரல. அவ்வளவுதான்."