டிசம்பர் அண்ணனும் காலாவதியாகாத பல் டொக்டரும்

டிசம்பர் அண்ணன் தன் பற்களை நேசித்தாரா, பல் காப்புறுதியை நேசித்தாரா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. ஆனால் கண்டி மாநகரில் வலியே இல்லாமல் பல் டொக்டரிடம் ஓடிய முதல் மனிதர் அவர்தான் என்று அடித்துச் சொல்வேன்.

நான் வேலை பார்த்த தேயிலைக் கம்பனியில் அவர் ஸ்டோர்ஸ் கீப்பர். கம்பனி எங்களுக்குக் கொடுத்த காப்புறுதிக் கார்டில் வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகப் பல்லைச் சோதித்துச் சுத்தம் செய்துகொள்ளலாம். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் போகாவிட்டால் அந்த வருடத்துச் சலுகை போய்விடும். அது அவருக்குத் தாங்காது. டிசம்பர் பிறந்ததும் மேசை மேசையாக வருவார்; நாங்கள் வைத்த பெயரும் அதனால்தான்.

"தங்கச்சி, பல்லு பாத்தாச்சா?"

"எனக்கு வலியே இல்லையேண்ணே."

"வலிச்சப்புறம் போனா டொக்டருக்குத்தான் லாபம். வாங்க, வாங்க, நேரம் போகுது!"

எட்டுப் பேரை வேனில் ஏற்றிப் போவார். வழியில் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. ஒருமுறை மனேஜரையே சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தார். அந்த வேனில் போனதால்தான் என் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகும் முன்பே தப்பியது.

அவருடைய பல்லோ பளிங்கு. டொக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே!" என்றார்.

அண்ணன் வாயை மூடவில்லை. "நல்லாத் தேடிப் பாருங்க டொக்டர். இன்னும் மூணு நாள்ல வருஷம் முடிஞ்சிரும்."

பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது, வேலையை விட்டேன். அதே வருடம் அவரும் ஓய்வு பெற்றார். இருவரும் கார்டைத் திருப்பிக் கொடுத்தோம்.

நான்கு வருடம் கழித்து, போன மாதம், கட்டுகஸ்தோட்டை பஸ் தரிப்பில் அவரைக் கண்டேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். என் மகள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்: "மாமா, பல்லு எங்க?"

"விழுந்திருச்சு மகள்." என் பக்கம் திரும்பினார். "பக்கத்துல இன்னும் ரெண்டு ஆடுது தங்கச்சி. கார்டு இல்லையே."

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சும்மாவே பாக்கிறாங்களேண்ணே! இன்னைக்கே போங்க."

"அது எங்க ஓடிப் போகுது? எப்ப போனாலும் இருக்கும்தானே."

பஸ் வந்தது, ஏறிவிட்டார். சலுகை முடிந்துபோகும் என்றால்தான் அவர் ஓடுவார். முடிந்துபோகாத ஒன்று கிடைத்ததும் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் பல்லைப் பார்த்தேன். மகளைத் தவறாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற நானும் இந்த நான்கு வருடமாக என் பல்லைக் காட்டவில்லை.

இந்த மாதம் பிறந்ததும் மகளின் சித்திர அட்டையில் இரண்டு கார்டுகள் வெட்டினேன். "பல் பரிசோதனை, ஒரு தடவை. இந்த மாதம் முடிவதற்குள் பாவிக்காவிட்டால் செல்லாது" என்று எழுதினேன். ஒன்று எனக்கு, போன வாரமே போய்வந்துவிட்டேன். மற்றது என் கைப்பையில் கிடக்கிறது. வயதில் மூத்தவரிடம் விளையாடலாமா? கோபித்துக்கொள்வாரா? சிரித்தால் பல் விழுந்த அந்த இடைவெளி தெரியுமே என்று இன்னும் வருத்தப்படுவாரா? என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

வாசகர்களே, கொடுக்கட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் எழுதுங்கள். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது. அந்த இரண்டு பல்லுக்கும் எவ்வளவு நாள் என்று தெரியவில்லை.