பொழுதுள்ளவர் சான்றும் ஒரு நண்டும்

ஞாயிற்றுக்கிழமை நண்டு பிடிப்பது குற்றமா என்று கேட்டால், 2006ஆம் வருடம் ஆனி மாதம் வரைக்கும் குற்றமில்லை. குற்றமாக இருந்திருந்தால் அதற்கொரு சட்டம் இருந்திருக்கும். எல்லோரையும் போல லூர்துநாதனும் அதை மீறிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். சட்டமே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் சந்தோஷமாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

லூர்துநாதன் திண்டிவனத்தில் கரையோரப் பொழுதுபோக்கு மேம்பாட்டுப் பிரிவு என்கிற அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அந்தப் பிரிவு ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு பீரோ வந்திருந்தது. கரைக்கு இன்னும் யாரும் போகவில்லை.

லூர்துநாதன் மட்டும் சொந்தச் செலவில் போய்க்கொண்டிருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் மரக்காணம் பஸ் ஏறுவார். கழிமுகத்துப் பாலத்துக்குக் கீழே ஒரு கருங்கல். அங்கே மீன் விற்கிற அஞ்சம்மாள் இரண்டு மீன் தலையைத் தூக்கிப் போடுவாள். ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். கயிறு லேசாக இழுபடும். அவசரப்படாமல் இழுத்தால் நண்டும் தலையை விடாமல் கூடவே வரும். அடியில் கைவலையைக் கொடுத்துத் தூக்குவார், திருப்பிப் பார்ப்பார், மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். வீட்டுக்கு எடுத்துப்போக வழியில்லை. அவர் மனைவி எலிசாவுக்கு நண்டு வாசம் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் என்ன? ஆறு நாளும் கோப்புகளை இழுக்கிற ஒருவருக்கு, இழுத்தால் வருகிற பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று ஏழாம் நாள் தெரிந்தால் போதும்.

ஒரு திங்கட்கிழமை அவர் விரலில் சுற்றியிருந்த துணியை அதிகாரி சக்கரபாணி பார்த்துவிட்டார். சக்கரபாணி, மக்கள் மகிழ்ச்சி பற்றி மூன்று நாள் பயிற்சி எடுத்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார்.

"இன்னாய்யா விரல்ல?"

"நண்டு கவ்விடுச்சு சார். ஞாயித்துக்கிழமைல சும்மா போவேன்."

"விக்கவா?"

"இல்ல சார்."

"திங்கவா?"

"வீட்ல ஒத்துக்காது சார். புடிச்சிட்டு வுட்ருவேன்."

சக்கரபாணி எழுந்து நின்றுவிட்டார்.

"வித்தா அது தொழிலு. தின்னா உணவு. ரெண்டும் வேற டிபார்ட்மெண்ட். புடிச்சிட்டு வுட்டா நம்ம டிபார்ட்மெண்ட்யா! மூணு வருசமா இதத்தான் தேடிக்கினு இருக்கேன்!"

அப்படித்தான் 'கரையோரப் பொழுதுபோக்கு நண்டுபிடிப்போர் அனுமதித் திட்டம்' உதயமாயிற்று. அனுமதி அட்டை இல்லாமல் கழிமுகத்தில் கயிறு விடுவது தடை செய்யப்பட்டது. விண்ணப்பத்தைத் தயாரிக்கும் பணி லூர்துநாதனுக்கே வந்தது. விண்ணப்பதாரரை நண்டு ஏற்கெனவே கவ்வியதுண்டா, ஆம் எனில் எந்தக் கையில், யார் முன்னிலையில் என்று ஒரு பத்தி வைத்தார். விண்ணப்பதாரருக்குப் பொழுது இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும் என்ற பத்தி சக்கரபாணியின் சொந்தக் கற்பனை.

"பொழுதே இல்லாதவனுக்குப் பொழுதுபோக்கு குடுத்தா அது முறைகேடுய்யா. இருக்குறவனுக்குத்தான் போக்கணும்."

முதல் விண்ணப்பத்தை லூர்துநாதன் தன் பெயரிலேயே எழுதி நீட்டினார். சக்கரபாணி அதைத் தொடவே இல்லை.

"நீ கவர்மெண்ட் ஸ்டாப்புய்யா. உனக்குப் பொழுது இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டா, ஏன் இருக்குன்னு ஆடிட்ல கேப்பான். இந்த ஆபீஸே பேஜாராயிடும்."

"ஞாயித்துக்கிழமை சார்!"

"ஞாயித்துக்கிழமை இருக்குறவனுக்குத் திங்கக்கிழமை இருக்காதுன்னு இன்னா நிச்சயம்?"

லூர்துநாதன் விண்ணப்பத்தைத் திரும்ப மடித்தார். முப்பது வருடத் திங்கட்கிழமைகள் கண் முன்னே வந்து போயின.

அந்த வார ஞாயிறு பழக்கத்தில் மரக்காணம் போய் இறங்கினார். கல்லில் உட்காருவதற்குள் விசில் சத்தம் காதைக் கிழித்தது. அஞ்சம்மாள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். கரைக் கண்காணிப்புக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்திருந்தார்கள்.

"சாரு, பர்மிட்டு?"

"அஞ்சம்மா, நான்தாம்மா. போன வாரங்கூட நீதான மீன் தலை குடுத்த?"

"போன வாரம் நான் மீன்காரி. இன்னிக்கு ட்யூட்டில கீறேன். மீன் தலை குடுத்தா நானும் உடந்தையாம். நீங்க டைப் அடிச்ச பேப்பர்லதான் போட்டுக்கிது."

லூர்துநாதன் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

முதல் இரண்டு மாதம் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. திண்டிவனத்தில் அப்போது காலையில் பூங்காவில் கூட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிப்பது நாகரிகமாக இருந்தது. பொழுதுள்ளவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்த வேங்கடேசன் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். நண்டு அட்டையில் போட்டோ இருந்தது, விலாசம் இருந்தது, கோபுர முத்திரை இருந்தது. சிம் கார்டு வாங்க வேறென்ன வேண்டும்?

ஒரே வாரத்தில் வரிசை காய்கறி மார்க்கெட்டைத் தொட்டது. மல்லாட்டைக் கடலை மண்டிக்காரர்கள், வாத்தியார்கள், சிரிக்கிறவர்கள் எல்லோரும் தமக்குப் பொழுது இருப்பதாகச் சான்று வாங்கி வந்தார்கள். அட்டையோடு ஒரு தொப்பி இலவசம். கல்யாண வீட்டிலும் பட்டுப் புடவைக்கு மேலே அந்தத் தொப்பியைப் போட்டுக்கொள்வது பெருமையாகிவிட்டது. நான்காயிரத்து இருநூறு பேர் நண்டுபிடிப்போர் ஆனார்கள். கடல் இருக்கிற திசையில் ஒருவரும் போகவில்லை. ஒருநாள் லூர்துநாதன் வீட்டுக்குப் போனபோது எலிசாவும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்குடி? நண்டுன்னு சொன்னாலே சொறிவியே!"

"நான் எங்க புடிக்கப் போறேன்? போன் வாங்கப் போறேன். உங்களுக்கு இல்லன்னு வயித்தெரிச்சலா?"

வயிற்றெரிச்சல்தான். அதை மறைக்க அவர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

மார்ச் மாதம் மேலிடத்திலிருந்து ஒரு தெளிவுரை வந்தது. ஆண்டுக்கு ஒரு நண்டாவது பிடித்து, பிடித்த நண்டுடன் எடுத்த புகைப்படத்தை ஒட்டாத அட்டைகள் முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு செல்லாது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை திண்டிவனமே மரக்காணத்தில் இறங்கியது. சக்கரபாணி பந்தல் போட்டார், போட்டோகிராபரை அமர்த்தினார். பதிவேட்டோடு லூர்துநாதனை நாற்காலியில் உட்காரவைத்தார். நான்காயிரம் தொப்பிகள் கரையில் நின்றன. சிலர் கயிற்றில் பிஸ்கட் கட்டியிருந்தார்கள், ஒருவர் கொய்யாப்பழம். சைவச் சாப்பாட்டுக்காரரான அதிகாரிக்கு மதிப்புக் கொடுத்து ஒரு வாத்தியார் கத்திரிக்காயே கட்டியிருந்தார். இத்தனை பேர் போட்ட கூச்சலில் நண்டுகள் சேற்றுக்குள் போய்விட்டன. மதியம் இரண்டு மணி வரைக்கும் பதிவேட்டில் ஒரு வரிகூட விழவில்லை.

சக்கரபாணி லூர்துநாதனின் காதருகே குனிந்தார்.

"யோவ், ஒண்ணே ஒண்ணு புடிய்யா. ஜல்தி."

"எனக்குப் பொழுது இல்லியே சார்."

"வாய்மொழியா இருக்குய்யா! எழுத்துலதான் இல்ல."

லூர்துநாதன் எழுந்தார். அஞ்சம்மாள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி ஒரு மீன் தலையைக் கீழே நழுவ விட்டாள். ஒன்பது மாதம் கழித்து அந்தக் கல். கயிறு உள்ளே போனது. நான்காயிரம் பேர் நிற்பது அவருக்கு மறந்துபோனது. கயிறு மெதுவாக இறுகியது. விரல் விரலாக இழுத்து வலையைக் கொடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு, நீலக் காலோடு ஒரு நண்டு!

"கட்டு, கட்டு!" என்று சக்கரபாணி அதன் கொடுக்குகளை நூலால் கட்டவைத்தார். பிறகு அது கை மாற ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள். போட்டோ மின்னியது. லூர்துநாதன் பதிவேட்டில் எழுதினார்: நண்டு, ஒன்று. நண்டு, ஒன்று. நண்டு, ஒன்று. எலிசா கையில் டர்க்கி டவலைச் சுற்றிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடி அதைப் பிடித்தாள். பொழுது சாய்வதற்குள் நான்காயிரத்து இருநூறு நண்டுகள் பிடிக்கப்பட்டன. இந்தியாவிலேயே ஒரு நாளில் இவ்வளவு பிடிக்கப்பட்டதில்லை என்று சக்கரபாணி மேலிடத்துக்கு எழுதினார்.

பத்தே நாளில் மொட்டைக் கடுதாசி போயிற்று. அனுமதி இல்லாத அரசு ஊழியர் ஒருவர் நண்டு பிடித்தார். நிரூபணமானால் வேலை போகும். விழுப்புரத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்து பயனாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

வேங்கடேசன் கொதித்துப்போனார். "அவுரா புடிச்சாரு? போட்டோல யாரு கீறாங்க, பாருங்க சார். நான் புடிச்சது!"

"மடியில வந்து வுழுந்திச்சி" என்றார் கத்திரிக்காய் கட்டிய வாத்தியார்.

அவர் பிடித்தார் என்று ஒருவர் ஒத்துக்கொண்டாலும் நான்காயிரம் சிம் கார்டு செத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எலிசாவும் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னாள்: "அவுருக்கு வீட்ல பல்லி அடிக்கவே தெரியாதுங்க."

லூர்துநாதனின் வேலை தப்பியது. தீர்ப்பு மூன்று பக்கத்தில் வந்தது. "மேற்படி ஊழியருக்கு நண்டு பிடிக்கவே தெரியாது என்பது நான்காயிரத்து இருநூறு சாட்சியங்களால் ஐயமற நிரூபணமாகிறது. எனினும், நண்டு பிடிக்கத் தெரியாத ஒருவர் இப்பிரிவில் பணிபுரிவது வருந்தத்தக்கது. ஆகவே அவர் ஞாயிறுதோறும் கரையில் நடைபெறும் தொடக்கநிலைப் பயிற்சியில் தவறாது கலந்துகொள்ள வேண்டும்." பயிற்றுநராக நியமிக்கப்பட்டவர் திருமதி எலிசா. புகைப்படத்தில் அவர் கண்மூடி நின்ற பரவசத்தை மேலிடம் வெகுவாகப் பாராட்டியிருந்தது.

முதல் வகுப்பில் எலிசா தண்ணீருக்கு முதுகைக் காட்டிக் கருங்கல்மேல் உட்கார்ந்து கையேட்டைப் பிரித்தாள். இரண்டடி தள்ளி, ஒரு பெரிய நண்டு பாறையிடுக்கிலிருந்து வெளியே வந்து வெயில் காய்ந்தது. லூர்துநாதனின் கை தானாக நீண்டது.

"எலிசா, கயித்த எப்பத் தொடலாம்?"

"மொத ஆறு மாசம் பாடந்தான். வகுப்புல பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க. எழுதிக்குங்க, நண்டுக்குக் காலு பத்து."

லூர்துநாதன் எழுதிக்கொண்டார். அவருக்குப் பின்னால் அறுநூறு பேர், நண்டின் பக்கம் திரும்பாமல், நோட்டுப் புத்தகத்தோடு அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி முடித்த சான்று இருந்தால் கேஸ் கனெக்ஷன் சீக்கிரம் கிடைக்கும் என்று ஊருக்குள் பேச்சு.