வாய் திறக்கும் பரிசோதனை

மனித குலம் எட்டியிருக்கும் நாகரிகத்தின் உச்சம் எதுவென்று என்னைக் கேட்டால், சக்கரம் என்றோ மின்சாரம் என்றோ சொல்ல மாட்டேன். 'முழுத் தகவலறிந்த ஒப்புதல்' என்பேன். மறுநாள் காலை என் மனைவிக்கு சிசேரியன். அதற்கு நான் ஒப்புதல் வழங்கிய விதம் வருங்காலத் தலைமுறைக்குப் பயன்படக்கூடும்.

நடைமுறை எளிது. பரிசோதனை அவளுக்கு, கேள்வி எனக்கு. இதைவிடச் சிறந்த வேலைப் பங்கீட்டை எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

"சார், பேஷன்ட்டுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?" என்றார் நர்ஸ்.

"சேச்சே, எங்க வீட்ல யாருக்குமே அப்படிக் கிடையாது."

பக்கத்து நாற்காலியிலிருந்து என் அம்மா இதை வழிமொழிந்தார்.

"இல்லைங்க, எனக்கு ஒரு தடவை..." என்றாள் மனைவி, கையில் சுற்றிய பிரஷர் பட்டையோடு.

"பேசாதீங்கம்மா, பிரஷர் ஏறும்."

ஏறத்தான் செய்தது. 'பதற்றம்' என்று குறித்துக்கொண்டார்கள். ஈசிஜி எடுக்கும்போது மறுபடி பேச வாயெடுத்தாள். "அசையாதீங்க, கோடு கோணலாகுது." அடுத்து வாயிலேயே தெர்மாமீட்டர். மருத்துவக் கருவிகள் அனைத்தும் நோயாளியின் மௌனத்தை நம்பியே இயங்குகின்றன என்பதை வியப்போடு கவனித்தேன். அதற்குள் நர்ஸ் விரல் வைத்த இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டிருந்தேன். படிக்கவில்லை. நம்புகிறவன் படிப்பதில்லை.

"நீ கவலையே படாதே. எல்லாத்துக்கும் சம்மதம் சொல்லியாச்சு" என்று அவளைத் தேற்றினேன்.

"எதுக்கெல்லாம்?"

"அதான், எல்லாத்துக்கும்."

கடைசியாக மயக்க மருத்துவர் வந்தார். "வாயை நல்லாத் திறங்கம்மா. நாக்கை நீட்டுங்க." தொண்டை எவ்வளவு விரிகிறது என்று பார்க்கும் பரிசோதனை. கிடைத்த வாய்ப்பை மனைவி முறைகேடாகப் பயன்படுத்தினாள்.

"டாக்டர், பல்லு பிடுங்கினப்ப ஆம்பிசிலின் போட்டாங்க. முகமெல்லாம் வீங்கி, மூச்சே நின்னுடும்போல ஆயிடுச்சு."

மருத்துவர் நிமிர்ந்தார். கோப்பைப் புரட்டினார். "நாளைக்குத் தியேட்டர்ல முதல்ல போடற ஊசியே அதுதானே! ஒத்துக்காதது எதுவும் இல்லைன்னு யார் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்கிட்ட நீ சொல்லவேயில்லையே?" என்றேன், கண்டிப்போடு.

"சொன்னேன். போனைப் பாத்துக்கிட்டே 'ஓ'ன்னீங்க."

ஊசி மாற்றப்பட்டது. பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பிய மருத்துவர், சுதாரித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைக்கலாம், நீங்க முழிச்சே இருப்பீங்க. இல்லைன்னா முழு மயக்கம். ரெண்டுலயும் என்ன ஆபத்துன்னு சொல்றேன். கேட்டுட்டுச் சொல்லுங்க."

பொறுமையாகக் கேட்டாள். சந்தேகம் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"இடுப்புக்குக் கீழேயே போதும் டாக்டர். வாய் முழிச்சிருக்கட்டும். இல்லைன்னா இவர் வெளியே நின்னு எனக்காகப் பதில் சொல்லிட்டிருப்பார்."

அந்தக் கட்டடத்தில் அன்று வழங்கப்பட்ட ஒரே ஒப்புதல் அதுதான். மற்றதெல்லாம் என் கையெழுத்து.